தரகு பூஜ்யம், பிடித்தம் எவ்வளவு? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பங்குக் கணக்கு அனுபவம்

50,000 ரூபாய்க்கு ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, சில மாதம் வைத்திருந்து, அதே விலைக்கு விற்றால் என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்ற கேள்வியை வைத்துத்தான் நான் எந்தப் பங்குத் தரகு நிறுவனத்தையும் மதிப்பிடுகிறேன். கிருஷ்ணகிரியில் கிளை வைத்திருந்த, எந்தப் பங்கை வாங்கலாம் என்று ஆலோசனையும் சொல்லும் ஒரு முழுச்சேவைத் தரகரிடம் 2015 முதல் கணக்கு வைத்திருந்தேன். 2020 பிப்ரவரியில் இணையவழித் தரகு நிறுவனமான ஜெரோதாவுக்கு மாறினேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். தருமபுரியில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரியும் என் தங்கைக்குக் கணக்கு தேர்ந்தெடுக்க உதவும் பொருட்டு, குரோவ் என்ற இன்னொரு தரகுச் செயலியின் கட்டண விவரங்களையும் வரி வரியாகப் படித்தேன். இந்த மூன்று வகைக் கணக்குகளில் எது யாருக்குப் பொருந்தும் என்பதைக் கான்ட்ராக்ட் நோட்டுகளையும் (வாங்கி விற்றதற்குத் தரகர் அனுப்பும் சீட்டு) லெட்ஜரையும் (கணக்கில் வந்த, போன பணத்தின் பதிவேடு) முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் சிறிய மாந்தோப்பும் உண்டு. பெங்களூரா மாங்காயை மண்டிக்கு ஏற்றி அனுப்பினால் திரும்பி வரும் சீட்டில் விலை ஒரு வரியில் இருக்கும்; அதன் கீழே கமிஷன், இறக்குக்கூலி, எடைக்கூலி என்று பிடித்தங்கள் பல வரிகளில் இருக்கும். என் அப்பா விலையைக் கடைசியாகத்தான் பார்ப்பார், பிடித்த வரிகளைத்தான் முதலில் படிப்பார். கமிஷனே வேண்டாம் என்று சொல்லும் மண்டிக்காரர் எடையில் எவ்வளவு கழிக்கிறார் என்று கேட்காமல் அவர் வண்டியை அவிழ்க்க விட்டதில்லை. பங்குத் தரகர்களின் ‘தரகு பூஜ்யம்’ என்ற விளம்பரத்தை நான் படிக்கும் முறை அவரிடமிருந்து வந்தது.

முதலில் பழைய கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். அந்தத் தரகரின் பெயர் இங்கே தேவையில்லை. கணக்கு திறந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கையொப்பம் வாங்கினார்கள். தரகு விகிதம் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முதல் கான்ட்ராக்ட் நோட் வந்தபோதுதான் வாங்கும்போது 0.50 சதவீதம், விற்கும்போதும் 0.50 சதவீதம் என்பது தெரிந்தது. மேலே சொன்ன 50,000 ரூபாய் உதாரணத்தில் இந்த விகிதப்படி தரகு மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்து 500 ரூபாய் ஆகும். இன்றைய 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 590 ரூபாய். அரசு வரிகளையும் சேர்த்தால் 700 ரூபாயைத் தாண்டும். அதாவது பங்கின் விலை ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் அப்படியே திரும்பி வரும். நாள்தோறும் காலையில் கிளையிலிருந்து தொலைபேசியில் அழைத்து ஏதாவது ஒரு பங்கை வாங்கச் சொல்வார்கள். நான் வாங்கினாலும் விற்றாலும் அவர்களுக்கு வருமானம் என்பதால், எதுவும் செய்யாமல் இருங்கள் என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

2018ஆம் ஆண்டு முழுவதும் நான் ஒரு பரிவர்த்தனையும் செய்யவில்லை. அடுத்த ஆண்டு பங்குகளை விற்று வந்த பணத்தில் எதிர்பார்த்ததைவிட 700 ரூபாய்க்கு மேல் குறைந்திருந்தது. லெட்ஜரைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் டீமேட் கணக்கின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை, வாங்கி விற்பதற்கான பணம் இருக்கும் என் டிரேடிங் கணக்கில் பற்று எழுதி, அங்கே பணம் இல்லாததால் அந்தப் பற்றுக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். விதிப்படி அது தவறில்லை என்றும், நான் கையொப்பமிட்ட தாள்களில் அது இருக்கிறது என்றும் கிளை மேலாளர் காட்டினார். தொகை சிறியதுதான். ஆனாலும் தினமும் அழைத்துப் பேசிய ஒருவர்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அன்று முதல் மாதம் ஒருமுறை லெட்ஜரைத் தரவிறக்கிப் படிக்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டேன்.

நான் மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 நவம்பரில் கார்வி பங்குத் தரகு நிறுவனத்தின் மீது, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி தடை விதித்தது. வாடிக்கையாளர்களின் பங்குகளை அந்த நிறுவனம் தன் கடனுக்காக அடகு வைத்திருந்தது வெளிவந்தது. என் தரகர் அந்த நிறுவனம் அல்ல. என்றாலும், கணக்கு திறந்தபோது நான் எழுதிக் கொடுத்த, என் பங்குகளை என் சார்பில் கையாளும் அதிகாரத்தைத் தரகருக்குத் தரும் பவர் ஆஃப் அட்டர்னி என்ற தாளின் பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. ஜெரோதாவில் இணையவழியாகக் கணக்கு திறந்தபோது அந்தத் தாளைக் கொடுக்காமல், விற்கும்போது மட்டும், பங்குகளை நம் பெயரில் வைத்திருக்கும் வைப்பகமான சிடிஎஸ்எல் தரும் ரகசிய எண்ணையும் ஓடிபியையும் இட்டு ஒப்புதல் தரும் முறையைத் தேர்ந்தேன். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகிறது. அந்த இரண்டு நிமிடத்தை நான் மனமுவந்து தருகிறேன்.

இனி கணக்குக்கு வருவோம். ஜெரோதாவில் பங்குகளை டெலிவரியாக (அன்றே விற்காமல் டீமேட் கணக்கில் வைத்துக்கொள்ளும் முறையில்) வாங்கவும் விற்கவும் தரகு இல்லை. அப்படியானால் 50,000 ரூபாய் உதாரணத்தில் பிடித்தம் பூஜ்யமா என்றால், இல்லை. வாங்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது 50 ரூபாய்; முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், அதாவது 7 ரூபாய் 50 காசு. பங்குச்சந்தைக்கான பரிவர்த்தனைக் கட்டணம் ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். கோடிக்கு 10 ரூபாய் என்ற கணக்கில் செபிக்கு 5 காசு. இந்தக் கடைசி இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 59 ரூபாய் சொச்சம். விற்கும்போது முத்திரைத் தீர்வை கிடையாது. ஆனால் பரிவர்த்தனை வரி மீண்டும் 50 ரூபாய், பங்குச்சந்தைக் கட்டணம் மீண்டும் ஒன்றரை ரூபாய், இவற்றோடு டிபி கட்டணம் என்ற பெயரில் 15 ரூபாய் 34 காசு. ஆக 67 ரூபாய் சொச்சம். இரண்டும் சேர்ந்து 126 ரூபாய் 50 காசு.

இந்த 126 ரூபாய் 50 காசில் 110 ரூபாய்க்கு மேல் வரியாகவும் தீர்வையாகவும் அரசுக்குப் போகிறது. சிடிஎஸ்எல் மூன்றரை ரூபாய் எடுத்துக்கொள்கிறது. தரகருக்குக் கிடைப்பது டிபி கட்டணத்தில் உள்ள ஒன்பதரை ரூபாய்தான். ஆகவே ஜெரோதாவின் விளம்பரம் என் அனுபவத்தில் உண்மையாகவே இருக்கிறது. அதேசமயம், தரகு பூஜ்யம் என்பதற்காக அடிக்கடி வாங்கி விற்பவர் ஒவ்வொரு சுற்றுக்கும் 100 ரூபாய்க்கு 25 காசு வீதம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் இதில் பெரும்பகுதி குறையாது, ஏனெனில் அது தரகரின் கட்டணம் அல்ல. நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்தப் பொதுவான பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, தரகர் தானே நிர்ணயிக்கும் பகுதியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் பங்குச்சந்தைகள் எல்லாத் தரகர்களிடமும் ஒரே அளவுக் கட்டணமே வாங்க வேண்டும் என்றும், வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகையும் அதுவாகவே இருக்க வேண்டும் என்றும் செபி விதி செய்துவிட்டதால், அந்தக் கட்டணத்தில் முன்பு இருந்த வித்தியாசமும் இப்போது இல்லை.

டிபி கட்டணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் புதியவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். இது டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியே போகும்போது பிடிக்கப்படும் கட்டணம். ஒரு நிறுவனத்தின் பங்கை ஒரு நாளில் எத்தனை விற்றாலும் ஒரே தடவைதான் பிடிப்பார்கள்; 1 பங்கை விற்றாலும் 15 ரூபாய் 34 காசு, 1,000 பங்கை விற்றாலும் அதே தொகை. எங்கள் ஆலையில் என்னுடன் வேலை செய்யும் ஓர் இளைஞர், விலை இன்னும் ஏறுமோ என்ற எண்ணத்தில் தன்னிடம் இருந்த 20 பங்குகளை நாளுக்கு 5 வீதம் நான்கு நாட்களில் விற்றார். ஒரே நாளில் விற்றிருந்தால் 15 ரூபாய் 34 காசோடு முடிந்திருக்க வேண்டியதற்கு 61 ரூபாய் 36 காசு கொடுத்தார். அவர் விற்ற மொத்த மதிப்பே 4,000 ரூபாய்தான் என்பதால், அந்தப் பிடித்தம் மட்டும் ஒன்றரை சதவீதம் ஆகிவிட்டது. இந்தக் கட்டணம் கான்ட்ராக்ட் நோட்டில் வராது. லெட்ஜரில் தனி வரியாகத்தான் வரும். கான்ட்ராக்ட் நோட்டை மட்டும் படிப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாமல் போய்விடுகிறது.

சதவீதக் கட்டணம் பெரிய தொகை போடுபவரை அழுத்தும். நிலையான கட்டணம் சிறிய தொகை போடுபவரை அழுத்தும். என் தங்கையின் கணக்கில் இதை நேரில் கண்டேன். அவள் சம்பளத்திலிருந்து மாதம் 2,000 ரூபாய் எடுத்து ஒரே ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குகிறாள், விற்பதே இல்லை. நான் இருக்கும் இடத்திலேயே அவளுக்கும் கணக்கு திறந்து கொடுத்திருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக் கட்டணம் 75 ரூபாயும் ஜிஎஸ்டியுமாக 88 ரூபாய் 50 காசு பிடிக்கிறார்கள், ஆண்டுக்கு 354 ரூபாய் ஆகிறது, மாதம் 2,000 ரூபாய் சேமிப்பவளுக்கு இது நியாயமா என்று அவள் கேட்டாள். கேள்வி சரியானது. பதில் தேடிப் போனபோதுதான் அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்ற ஏற்பாட்டைப் பற்றி முழுமையாகப் படித்தேன்.

பிஎஸ்டிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தக் கணக்கில், வைத்திருக்கும் பங்குகளின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. 4 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 100 ரூபாய் மட்டுமே. 2024 செப்டம்பர் 1 முதல் இந்த வரம்புகள் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன்பு கட்டணமில்லா வரம்பு வெறும் 50,000 ரூபாயாக இருந்தது. எந்தத் தரகரிடம் கணக்கு இருந்தாலும் இது பொருந்தும். ஒருவரின் கூடுதல் தயவு அல்ல, செபியின் விதி. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அந்த நபர் முதல் பெயராக இருக்கும் டீமேட் கணக்கு நாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

தங்கைக்கு ஏன் அந்தச் சலுகை கிடைக்கவில்லை என்பது, மாதந்தோறும் மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவள் பெயரில் இன்னொரு டீமேட் கணக்கு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கு வந்த ஒரு முகவர், கணக்கு திறப்பது முற்றிலும் இலவசம், பரிசுக் கூப்பனும் உண்டு என்று சொல்லி ஆசிரியர் அறையில் இருந்த பலருக்கும் கைப்பேசியிலேயே கணக்கு திறந்து கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்கில் இரண்டே இரண்டு பங்குகள் கிடந்தன. அந்த இலவசக் கணக்குதான் இந்தக் கணக்கில் ஆண்டுக்கு 354 ரூபாய் செலவு வைத்துக்கொண்டிருந்தது. கணக்கு திறப்பவருக்கு இதைச் சொல்லும் கடமை அந்த முகவருக்கு இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு அவருக்குத் தொகை கிடைத்தது; அந்த அறையில் இருந்தவர்கள் தங்கள் உரிமை ஒன்றை அறியாமலேயே இழந்தார்கள்.

இந்த இடத்தில்தான் குரோவைப் பற்றிச் சொல்வது பொருத்தமாக இருக்கும். அங்கே பராமரிப்புக் கட்டணம் கிடையாது. டெலிவரிப் பங்குகளுக்குத் தரகு உண்டு: பரிவர்த்தனை மதிப்பில் 0.1 சதவீதம் அல்லது 20 ரூபாய், இதில் எது குறைவோ அது. ஆனால் குறைந்தது 5 ரூபாய். மாதம் 2,000 ரூபாய்க்கு வாங்கும் தங்கைக்கு 0.1 சதவீதம் என்பது 2 ரூபாய்தான் என்றாலும் பிடித்தம் 5 ரூபாய். ஜிஎஸ்டியுடன் 5 ரூபாய் 90 காசு. 12 மாதத்துக்கு 70 ரூபாய் 80 காசு. ஜெரோதாவில் சாதாரணக் கணக்கு என்றால் 354 ரூபாய், அடிப்படைச் சேவைக் கணக்கு என்றால் ஒன்றும் இல்லை. ஆகவே இரண்டு டீமேட் கணக்கை வைத்துக்கொண்டுதான் இருப்பேன் என்பவர் சிறுசேமிப்பாளராக இருந்தால் குரோவ் மலிவு; ஒரே கணக்கோடு இருப்பவருக்கு ஜெரோதா மலிவு. மாதம் 500 ரூபாய்க்கு மட்டும் வாங்குபவர்கள் அந்த 5 ரூபாய் 90 காசு தங்கள் முதலீட்டில் ஒரு சதவீதத்துக்கு மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து ஒரே தடவையாக வாங்குவது நல்லது. மாறாக, 50,000 ரூபாய்க்கு வாங்கி விற்பவருக்கு அங்கே தரகு இரண்டு பக்கமும் 20 ரூபாய் வீதம் 40 ரூபாய், ஜிஎஸ்டியுடன் 47 ரூபாய் 20 காசு. பழைய முழுச்சேவைத் தரகரின் 590 ரூபாயோடு ஒப்பிட்டால் இதுவும் மிகக் குறைவுதான்.

தங்கை இரண்டாவது கணக்கில் இருந்த பங்குகளை முதல் கணக்குக்கு மாற்றிவிட்டு, அதை மூடும்படி விண்ணப்பித்தாள். கணக்கை மூடுவதற்குக் கட்டணம் கிடையாது. மூடிய பிறகும் அடுத்த காலாண்டு லெட்ஜர் வரும்வரை பார்த்து, 88 ரூபாய் 50 காசு பிடித்தம் வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் நான் அந்தக் கோப்பை மூடினேன்.

மற்றக் கட்டணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெரோதாவில் வாங்கிய அன்றே விற்கும் இன்ட்ராடே பரிவர்த்தனைக்கு 0.03 சதவீதம் அல்லது 20 ரூபாய், எது குறைவோ அது. மாலைக்குள் விற்க மறந்து நிறுவனமே விற்று முடித்தால் 50 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். தொலைபேசியில் சொல்லி வாங்கினாலோ விற்றாலோ ஒவ்வொரு ஆணைக்கும் 50 ரூபாய். கணக்கில் பணம் சேர்க்க யுபிஐ இலவசம். நெட் பேங்கிங் என்றால் 9 ரூபாயும் ஜிஎஸ்டியும். முழுப் பணம் இல்லாமல் மீதியைக் கடனாக வைத்துப் பங்கு வாங்கும் எம்டிஎஃப் வசதிக்கு நாளுக்கு 0.04 சதவீத வட்டி. கேட்கச் சிறியதாகத் தோன்றும் இந்த எண் ஆண்டுக்கு 14.6 சதவீதம். நகைக்கடன் வட்டியைத் துல்லியமாகக் கேட்டு வாங்கும் நம் ஊர்க்காரர்கள், நாள் கணக்கில் சொல்லப்படும் வட்டியையும் 365ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பொத்தானைத் தொட வேண்டும். நான் அதைத் தொட்டதில்லை.

ஊக வணிகத்துக்குத் தூண்டும் தன்மை ஒரு செயலியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன். பங்குகளின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பரிவர்த்தனை செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டம் அடைந்தார்கள் என்று செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் வெளியானது. ஒரு பரிவர்த்தனைக்கு 20 ரூபாய்தானே என்று நினைத்து நாள்தோறும் முப்பது ஆணை போடுபவர், முழுச்சேவைத் தரகரிடம் ஆண்டுக்கு நான்கு முறை வாங்குபவரைவிட அதிகத் தரகு கட்டுகிறார். வருமானச் சான்று கேட்கும் அந்தப் பிரிவை நான் கணக்கு திறக்கும்போதே தேர்ந்தெடுக்காமல் விட்டேன். ஜெரோதாவில், விரும்பிய பிரிவை நாமே முடக்கி வைக்கும் கில் ஸ்விட்ச் என்ற வசதியும் இருக்கிறது. இதுவரை அங்கிருந்து பங்கு வாங்கச் சொல்லி எனக்கு ஓர் அழைப்புகூட வந்ததில்லை. பழைய கணக்கின் காலை அழைப்புகளுக்குப் பிறகு இந்த அமைதியை நான் பெரிய வசதியாகக் கருதுகிறேன்.

குறையையும் சொல்ல வேண்டும். ஜெரோதாவும் குரோவும் கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனங்கள். ஆனால் நமக்கு அந்த அருகாமையால் பயன் ஒன்றும் இல்லை. சந்தேகங்களைப் பெரும்பாலும் எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கான்ட்ராக்ட் நோட்டும் லெட்ஜரும் ஆங்கிலத்தில் வருகின்றன. ஆங்கிலம் சரளமாகப் படிக்கத் தெரியாத, ஆனால் வட்டிக் கணக்கை மனத்திலேயே போடக்கூடிய எத்தனையோ பேர் பட்டுக்கூடு அங்காடியிலும் தக்காளி மண்டியிலும் இருக்கிறார்கள். பத்து வரிகள் கொண்ட அந்தப் பிடித்தப் பட்டியலைத் தமிழில் தருவது பெரிய நிறுவனங்களுக்குக் கடினமான வேலையாக இருக்க முடியாது. எல்லாத் தரகர்களும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, நம் பங்குகள் தரகரிடம் இல்லை, சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் என்ற வைப்பகத்தில் நம் பெயரில் இருக்கின்றன. 2025 பிப்ரவரி 25 முதல், வாங்கிய பங்குகள் தரகரின் தொகுப்புக் கணக்கில் தங்காமல் நேரடியாக நம் டீமேட் கணக்குக்கே வந்துசேர்கின்றன. வைப்பகத்திலிருந்து வரும் குறுஞ்செய்திகளையும் மாத அறிக்கையையும் தரகரின் செயலி காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. வாட்ஸ்அப் குழுக்களில் வரும் இணைப்பைத் தொட்டுச் செயலியை நிறுவி, அதில் காட்டும் பொய் லாபத்தை நம்பிப் பணம் அனுப்புபவர்கள் இந்த ஊர்களிலும் இருக்கிறார்கள். தரகரின் பதிவு எண் ‘ஐஎன்இசட்’ என்று தொடங்க வேண்டும். அதைச் செபியின் இணையதளத்தில் தேடிப் பார்க்க முடியும். 2025 அக்டோபர் முதல், பதிவுபெற்ற தரகர்களுக்குப் பணம் அனுப்பும் யுபிஐ முகவரியில் ‘வேலிட்’ என்ற சொல் இருக்கும். செலுத்தும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய குறி தோன்றும். தனிநபர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உண்மையான தரகர் மீது புகார் இருந்தால், முதலில் அவருக்கு எழுதிவிட்டுப் பிறகு செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். வழக்கறிஞரோ கட்டணமோ தேவையில்லை.

வருமான வரிக் கணக்கில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தரகுத் தொகையை மூலதன ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். பங்குப் பரிவர்த்தனை வரியைக் கழிக்க முடியாது. ஓராண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 20 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்தில் 12.5 சதவீதம் என்ற வரியோடு ஒப்பிட்டால், நாம் இவ்வளவு நேரம் பேசிய தரகு சிறிய தொகைதான். ஆனால் வரி லாபம் வந்தால் மட்டும். பிடித்தங்கள் நட்டத்திலும் உண்டு.

ஆண்டுக்குச் சில முறை வாங்கி நீண்ட நாள் வைத்திருக்க விரும்பும், ஆங்கில அறிக்கையை ஓரளவு படிக்க முடிந்த, ஒரே ஒரு டீமேட் கணக்கு போதும் என்று நினைக்கும் எவருக்கும் ஜெரோதாவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முழுச்சேவைத் தரகரை எல்லோரும் விட்டுவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அரூரில் மரவள்ளி பயிரிடும் என் மாமாவுக்கு வயது 68. பங்கு விற்பதற்குக் கைப்பேசியில் மூன்று எண்களை அடுத்தடுத்து இடுவது அவருக்கு முடியாத காரியம். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து விளக்கினால்தான் அவருக்கு நிம்மதி. தருமபுரியில் அவர் கணக்கு வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அவருடன் போனேன். அவருடைய 0.50 சதவீதத் தரகைக் குறைக்க முடியுமா, குறைக்க முடியாது என்றால் கணக்கை மாற்றிக்கொள்கிறோம் என்று மரியாதையாகக் கேட்டேன். தரகு விகிதம் பேசித் தீர்மானிக்கக் கூடியது என்பதே மாமாவுக்கு அதுவரை தெரியாது. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர்கள் நான்கு நாள் கழித்து 0.20 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். அதை எழுத்திலும் வாங்கினோம்.

அதன்பின் அவர் 2,00,000 ரூபாய்க்கு வாங்கியபோது வந்த கான்ட்ராக்ட் நோட்டில் 1,000 ரூபாய் இருந்திருக்க வேண்டிய இடத்தில் 400 ரூபாய் இருந்தது. அந்தத் தாளை அச்செடுத்து, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எதிரே தமிழில் என்ன என்று எழுதிக் கொடுத்தேன். மரவள்ளி ஆலைச் சீட்டுகள் இருக்கும் கோப்பில் அதையும் சேர்த்து வைத்திருக்கிறார்.